மழை பேசிய தேவிகா

சொல்லக் கூடாது என்று வீட்டிலேயே முடிவுசெய்துவிட்டு வந்த ஒன்றைத் தவிர, ஆசீர்வாதம் வாத்தியாருக்கு மேடையில் வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. மைக்கையோ கையில் திணித்துவிட்டார்கள்.

தல்லாகுளத்து மண்டபம் நிறைந்திருந்தது. விருது வாங்கிய நாவலாசிரியை தேவிகாவுக்குப் பாராட்டு விழா. மிஷன் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் என்று இவரைத் தேடிப்பிடித்து அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றபின் மனுஷரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

"தேவிகா அப்பவே பிரமாதமா எழுதும்," என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார்.

"ஒரு உதாரணம் சொல்லுங்க சார்!" என்றது கூட்டம்.

வேறு வழியில்லை.

"ஏழாம் வகுப்புல, பேச்சுப் போட்டியில மழையைப் பத்திப் பேசுச்சு. 'மழை எங்கள் ஊருக்கு வருவதில்லை; எங்கள் ஊர் வழியாக வேறு ஊருக்குப் போகிறது.' அந்த வயசுல யாருக்கு வரும் இப்படி?"

ஒரே கைதட்டல். தேவிகா அவர் சட்டைக் கையை இழுத்தாள். "சார், அது வேணாம் சார்."

என்ன அடக்கம், என்று நெகிழ்ந்துபோனார். நெகிழ்ந்த வாய் சும்மா இருக்குமா?

"அன்னைக்குச் சாயங்காலமே நான் எழுதி வச்சிருந்த கதை அம்புட்டையும் வெந்நீர் அடுப்புல போட்டேன். இம்புட்டூண்டு புள்ளைக்கு வர்ற வரி எனக்கு வரலயே! அதுக்கப்புறம் கதைன்னு பேனாவைத் தொடல."

தட்டப்போன கைகள் அப்படியே நின்றன. கல்யாணக் களையோடு இருந்த மண்டபம் இழவு வீடாகிவிட்டது. சமாளிக்க வேண்டுமே!

"அதுல வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார். குரல் உடைந்து காட்டிக்கொடுத்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

உண்மையில் அவருக்கு வருத்தம் மலையளவு இருந்தது. எழுத்தாளராக ஆசைப்பட்டு, அதற்கப்புறம் எழுதாமலே கிழவராகிப்போன மனிதர்.

கூட்டத்தைக் கலகலப்பாக்க, சாட்சிக்கு ஆள் கூப்பிட்டார். தேவிகாவோடு படித்த முத்துத்தாய் கீழே உட்கார்ந்திருந்தாள்.

"முத்துத்தாயி, நீயும் அந்தப் போட்டியில பேசுனவதானே? தேவிகா பேச்சு எப்படி இருந்துச்சுன்னு நீயே சொல்லு தாயி!"

முத்துத்தாய் எழுந்தாள். தேவிகா வேண்டாம் என்று கையசைத்ததை அவள் கவனிக்கவில்லை.

"நல்லா இருந்துச்சு சார். மொத நாளு நீங்கதானே அவசர அவசரமா எங்க எல்லாத்துக்கும் எழுதிக் குடுத்து, மனப்பாடம் பண்ணச் சொன்னீங்க? எனக்கு வெயிலு, அவளுக்கு மழை."