ஓட்டையை அடைத்த விஷயமாக மாப்பிள்ளைக்கு

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் உங்கள் அலுவலகத்துக்கு எழுதுவதற்கும், போனில் கூப்பிடாததற்கும் காரணம் ஒன்றுதான். கடிதமானாலும் போனானாலும் அங்கே முதலில் எடுப்பது மகள்தான்.

விஷயம் பைக். வீடு மாற்றும்போது மகள் ஓட்டிவந்து எங்கள் ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போனாளே, மேட்டிலும் சேற்றிலும் தாவுகிற அந்த நீல நிற டர்ட் பைக், அதுதான். "அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வைங்கப்பா, வேற எதையும் தொடாதீங்க" என்றாள். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தப் பந்தயமெல்லாம் என்று நான் குதித்த குதி உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் அவள் என்னை நம்பி ஒரு பொருளை ஒப்படைத்தது இதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த நிறைவில்தான் எல்லாம் கெட்டது.

போன வாரம் பார்த்தால் வண்டிக்கு அடியில் பச்சையாக ஒரு சிறு குளம். "சோப்புத் தண்ணியக் கொட்டிட்டுத் துடைக்காம விட்டியா?" என்று உங்கள் அத்தையைக் கேட்டேன். "என் சோப்பு நீலம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குனிந்து முகர்ந்தேன். இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட். அப்போதே உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் நான் யார்? குடிநீர் வாரியத்தில் கசிவு ஆய்வாளனாக ஓய்வு பெற்றவன். தெருவில் காதை வைத்தே பூமிக்கடியில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னவன். ஒரு பைக் எனக்குப் பெரிதா? ரேடியேட்டரில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க, வண்டியை ஓடவிட்டு நிறுத்திய சூட்டோடு மூடியைத் திருகினேன். நல்லவேளை, கையில் தடித்த துணி இருந்தது, முகம் தள்ளி இருந்தது. பச்சைத் தண்ணீர் புஸ்ஸென்று சீறிக்கொண்டு போய், கொடியில் காய்ந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளை ஒன்றுவிடாமல் நனைத்தது. அத்தை வந்து நின்று பார்த்தாள்.

"சூடா இருக்கும்போது திறக்கக் கூடாதுன்னு மூடிமேலயே எழுதியிருக்கே."

"கண்ணாடி போடல."

"இப்பவாவது போடுங்க" என்றாள். போட்டிருந்தால் இந்தக் கடிதம் இத்தோடு முடிந்திருக்கும்.

வண்டி ஆறியதும் குறைந்ததை ஊற்றி, ஈரம் போகத் துடைத்து, அத்தையின் முகப்பவுடரை, அதுவும் புது டப்பா, இன்ஜின் முழுக்கத் தூவி, கீழே அட்டை விரித்து, மறுபடி ஓடவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். ஈரம் இறங்கிய இடத்தில் பவுடர் கோடு போட்டது. ஹோஸ் இல்லை, ரேடியேட்டர் இல்லை. தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்புக்கு அடியில் சின்னதாக ஒரு ஓட்டை. அதிலிருந்துதான் சொட்டு. குழாய் அடைக்கிற பசையைப் பிசைந்து, உருட்டி, ஓட்டையில் வைத்து அழுத்தினேன். சொட்டு நின்றது. நிற்காதது என் வாய்தான். எதிர்வீட்டுக்காரர், பேப்பர் போடுகிறவர், பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர், எல்லாரிடமும், "கம்பெனிக்காரன் விட்ட ஓட்டையை நான் அடைச்சேன்" என்று சொல்லித் தீர்த்தேன்.

அதற்கப்புறம் வெளியே ஒரு சொட்டு இல்லை. ஆனாலும் ரேடியேட்டரில் குறைந்துகொண்டே வந்தது. நானும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். எங்கேதான் போகிறது என்று யோசிக்காமல் இருந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. நேற்று ஆயில் அளவு பார்க்கிற சின்னக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில், பால் தூக்கலான டீ மாதிரி இருந்தது. பைக் கடைக்குப் போன் செய்து, "என் நண்பர் ஒருத்தர்" என்று ஆரம்பித்தேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சார், அந்த ஓட்டை ஒழுகுறதுக்குன்னே வச்சது. உள்ள தண்ணியையும் ஆயிலையும் பிரிக்கிற சீல் தேஞ்சா, அது வழியா சொட்டி நமக்குக் காட்டிக்குடுக்கும். அதை அடைச்சா தண்ணி இன்ஜின் ஆயிலுக்குள்ளதான் போகும்."

"நண்பர்கிட்ட சொல்லிடறேன்."

"இனிமே ஸ்டார்ட் பண்ண வேணாம்னும் சொல்லுங்க. ஆமா, உங்க நண்பர் என்ன வேலைல இருக்காரு?"

போனை வைத்துவிட்டேன்.

நாளைக்கு வண்டியைக் கடைக்கு ஏற்றி அனுப்புகிறேன். சீலும் ஆயிலும் மாற்ற வேண்டும். உள்ளே வேறு என்ன கெட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியுமாம். வரப்போகிற பந்தயத்துக்குள் தயாராகுமா என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. இதை அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பிட்டு முடித்து, முகம் தெளிவாக இருக்கும்போது, பக்குவமாக. அப்பா திமிரில் செய்யவில்லை என்று சொல்லுங்கள். கொஞ்சம் திமிரும் இருந்தது. அதைச் சொல்ல வேண்டாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, நீண்ட காலம் நிறைவாக வாழ என் ஆசி. அத்தையும் ஆசி சொல்லச் சொன்னாள்; இன்னும் பச்சை போகாத விரிப்பை அலசிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
மாமா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகளே அத்தைக்குப் போன் செய்து, "அவரோட வண்டியை அப்பா ஸ்டார்ட் பண்றாரா?" என்று கேட்டாள். நான் போனை வாங்கி, "அது உன் வண்டி இல்லையாம்மா?" என்றேன். "என் வண்டியை உங்ககிட்ட விடுவேனாப்பா? அது என் ஃபிரண்டு வீட்ல பத்திரமா இருக்கு" என்றாள். ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியதில் ஒரு சிறு திருத்தம். அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். சாப்பிட்டு முடித்து, முகம் தெளிவாக இருக்கும்போது, பக்குவமாக, நீங்களே உங்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொள்ளுங்கள்.