பெடல் சாரும் பதினோரு முறை பறந்த கூரையும்

பாரிவாக்கத்தில் இருந்துகொண்டு அமெரிக்காவை நடத்தியவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். அந்த நாட்டில் அதிபர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின. பெடல் சார் மட்டும் பதவியில் நீடித்தார். அவருக்கு பாஸ்போர்ட்டே கிடையாது என்பது வேறு விஷயம்.

அவருடைய சொந்தப் பெயர் கீழே தபால் பெட்டியில் எழுதியிருக்கும். யாரும் படித்ததில்லை. எல்லோருக்கும் அவர் பெடல் சார்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் ஒரே வேலை பார்த்தவர். அமெரிக்க ரேடியோவில் பேசுவதைக் காதில் மாட்டிக் கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் டைப் அடிக்க வேண்டும். காலடியில் தையல் மெஷினில் இருப்பதுபோல ஒரு பெடல். முன்னால் அழுத்தினால் பேச்சு ஓடும், குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும். வேலை போன பிறகும் கால் மட்டும் ஓய்வு பெறவில்லை. நாம் பேசுவது பிடித்திருந்தால் அவர் வலது கால் மெல்ல முன்னால் சாயும். அளக்கிறோம் என்று தோன்றினால் குதிகால் தரையில் இடிக்கும். அதைக் கேட்டதும் நாம் தானாகவே முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்போம்.

அவருக்கு ஒதுக்கப்பட்டவர் அங்கே ஒரு பழமைவாதப் பேச்சாளர். தினமும் மூன்று மணி நேர நிகழ்ச்சி. பன்னிரண்டு வருடம் தினம் மூன்று மணி நேரம்! எந்தத் தம்பதியும் ஒருவர் பேச்சை ஒருவர் அவ்வளவு நேரம் கேட்டதில்லை. சார் முழுதாக மாறிப் போனார். "பழமைவாதின்னு சொல்லாதீங்க மேடம்," என்று என்னைத் திருத்துவார். "ஓடுற வண்டியைப் பிரிச்சுப் போடாதேன்னு சொல்றவன். அவ்வளவுதான்."

தொழிலில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. பேச்சு தெளிவாகக் கேட்காத இடத்தில் மற்றவர்கள் 'இன்ஆடிபிள்' என்று அடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவர் நாற்பது முறை திருப்பிக் கேட்பார். "பன்னிரண்டு வருஷத்துல ஒரு இன்ஆடிபிள் நான் போட்டதில்ல. காது இருக்கிறவன் அதைப் போடலாமா?"

அசோசியேஷன் கூட்டங்களில் அவர் வந்தால் தண்ணீர் லாரி விவகாரம் நேராக வாஷிங்டனுக்குப் போய்விடும். லாரியைக் கவனிக்கும் கமிட்டி சரியில்லை, அதைக் கவனிக்க இன்னொரு கமிட்டி வேண்டும் என்று ஒருவர் சொன்னார். குதிகால் இடித்தது.

"ஒரு கமிட்டி வேலை செய்யலைன்னா அதைக் கலைங்க சார். அது தலைமேல இன்னொண்ணை ஏத்தாதீங்க. வாஷிங்டன்லயும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க."

"சார், நாங்க கேக்கிறது ரெண்டு லோடு தண்ணி!"

"அவங்களும் முதல்ல அதைத்தான் கேட்டாங்க."

என் மகள் காவ்யா பள்ளியில் படித்தபோது, அவள் பிறந்தநாளுக்குக் குழந்தைகளுக்காக ஓர் அமெரிக்கக் கார்ட்டூன் படம் போட்டோம். கேக் வாங்கிக்கொண்ட கையோடு சார் திரைக்கு முன்னால் வந்து நின்றார். "கவனிங்க. இந்தப் படத்துல அப்பா முட்டாள். அம்மாவுக்கு எப்பப் பார்த்தாலும் டென்ஷன். பிள்ளைங்க பெத்தவங்களுக்கே பாடம் எடுக்குது. வீட்டிலேயே புத்திசாலி யாரு? நாய்! முப்பது வருஷமா இதையேதான் எடுக்கிறான் மேடம். பார்க்கிற பிள்ளை அப்பாவை எப்படி மதிக்கும்?" என் கணவர் அந்த நேரம் பார்த்து பலூனை ஊதி முகத்திலேயே வெடிக்கவிட்டுக்கொண்டதால் அவர் தரப்பு பலவீனமாகிவிட்டது.

வேலையில் இருந்த வரை அமெரிக்கத் தேர்தல் நாளில் லீவு போடுவார். வெள்ளைச் சட்டை. ஆள்காட்டி விரலில் பேனாவால் ஒரு நீலப் புள்ளி. எங்கள் வாட்ச்மேன் ஏழுமலை, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர், கேட்டிலிருந்தே குரல் கொடுப்பார்.

"இன்னா சார், காலைலயே மை வெச்சிகினு கீற? யாருக்குக் குத்துன?"

"ரகசிய ஓட்டு ஏழுமலை."

"ரகசியம்தான் சார். அமெரிக்காக்காரனுக்கே தெரியாதே!"

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொண்டதில்லை. ஒன்று மட்டும் மனதில் தங்கியது. "அங்க நியூஸ் சேனல் விக்கிறது நியூஸ் இல்ல மேடம், பயம். பயந்தவன் ரிமோட்டைக் கீழே வைக்க மாட்டான்." உங்கள் ஆள் மட்டும் யோக்கியமா என்று கேட்டேன். "அவரும் விளம்பரத்துக்கு முன்னாடி ஒரு வாய் பயமுறுத்துவார்தான்," என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

பிறகு காவ்யா மேற்படிப்புக்கு அமெரிக்கா போனாள். நடு மாநிலங்களில் ஒன்றில், சோளக்காட்டுக்கு மத்தியில் ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊர். நான் என் பங்குக்கு மூன்று செய்திச் செயலிகளை போனில் இறக்கிக்கொண்டு, முறைவைத்துப் பயப்பட ஆரம்பித்தேன். பெடல் சார் வேறொன்று செய்தார். அந்த ஊரின் உள்ளூர் ரேடியோவை இணையத்தில் கண்டுபிடித்து தினமும் காலையில் கேட்டார். அதை என்னிடம் ஒப்பிக்கவும் செய்தார். லிஃப்டில், மாடிப்படியில், கீரைக்காரி முன்னால்.

"மேடம், உங்க பொண்ணு ஊர்ல இன்னிக்கு சோளம் விலை இறங்கிடுச்சு."

"அவ சோளம் விக்கப் போகலை சார். படிக்கப் போயிருக்கா."

"ஸ்கூல் பசங்க கால்பந்துல மறுபடியும் தோத்துட்டாங்க. கோச்சை மாத்தணும்."

இப்படி இரண்டு வருடம். அவர் வரும் சத்தம் கேட்டால் நான் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறத் தொடங்கினேன்.

இந்தக் கோடையின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை ஒன்பது மணி. டிவியில் சிவப்புப் பட்டை ஓடியது. 'அமெரிக்காவில் சுழற்காற்று. பல்கலைக்கழக நகரம் தரைமட்டம்.' அடியில் காவ்யாவின் ஊர்ப் பெயர். ஒரு கூரை அப்பளம்போலப் பறந்தது. அவள் போன் அணைந்திருந்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன். கணவர் ஆவடித் தொழிற்சாலையில் முதல் ஷிப்டில் இருந்தார். உள்ளே போன் கொண்டுபோக முடியாது. மூன்று செயலிகளும் மாறி மாறி மணி அடித்தன. எப்படிக் கீழே இறங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டார் பக்கத்தில் சார் நின்றிருந்தார். என் கையிலிருந்த போனில் அந்தக் கூரை பறந்துகொண்டிருந்தது. அதை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார்.

"அதே கம்பம். அதே சிவப்புக் கார். இது ஒரே கூரை மேடம். மேலே டிவியில நானும் பார்த்துட்டுத்தான் வரேன். இதுவரைக்கும் பதினோரு தடவை பறந்துடுச்சு."

"சார், என் பொண்ணு!"

"அதுக்குத்தான் சொல்றேன். முதல்ல இதை அணைங்க."

ஏழுமலை தன் நாற்காலியை இழுத்து வந்து என்னை உட்கார வைத்தார். சார் தன் போனில் அந்த உள்ளூர் ரேடியோவை வைத்தார். கூடவே, தொழில் பழக்கம், பதிவு செய்யும் கருவியையும் ஓடவிட்டார். வலது கால் முன்னால் சாய்ந்தது. தினமும் சோளம் விலை சொல்லும் மனிதர் அன்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தெருவில் மரம் சாய்ந்திருக்கிறது. அந்தத் தெருவில் கரண்ட் இல்லை. கூரை போனது நெடுஞ்சாலையோரக் கிடங்கு ஒன்றுக்கு. மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் பகுதியில் வீடுகள் நிற்கின்றன; ஆட்கள் தேவாலயத்தின் நிலவறைக்குப் போயிருக்கிறார்கள், அக்கம்பக்கத்தார் கம்பளியும் சூப்பும் கொண்டுவருகிறார்கள்.

சார் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, அரசாங்கம் வர்றதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரன் வந்துட்டான்!"

"சார், அரசியல் அப்புறம்!"

"யோவ் சார்," என்றார் ஏழுமலை, "அந்தம்மா அழுவுது, நீ மீட்டிங் போட்டுகினு கீற!"

சார் தலைகுனிந்தார். பிறகு, பன்னிரண்டு வருடம் ஆயிரக்கணக்கான நேயர்களின் அழைப்புகளை டைப் அடித்து, ஒருமுறைகூடத் தான் அழைத்திராத அந்த மனிதர், என் போனை எடுத்து ரேடியோ நிலையத்து எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. எடுத்தார்கள்.

அவர் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டு என் அழுகையே ஒரு கணம் நின்றுவிட்டது. பூந்தமல்லி பஸ்சில் சில்லறைக்குச் சண்டை போடுகிறவர், பரம்பரைப் பண்ணைக்காரர்போல மூக்கால் இழுத்துப் பேசினார். எங்கிருந்து என்று ரேடியோக்காரர் கேட்டார். பாரிவாக்கம் என்றார். அது எந்த மாவட்டம் என்று கேட்டார். பூந்தமல்லி பக்கம் என்றார் சார். இந்தியா என்று புரியவைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. இரண்டு வருடமாகத் தினமும் கேட்கிறேன், உங்கள் கால்பந்து கோச்சை மாற்றியே ஆக வேண்டும் என்றார். அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. அதன்பின் சார் காவ்யாவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார், அவள் தெருவைச் சொன்னார், அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்றார்.

நிலவறையில் இருப்பவர்கள் யாராவது இந்தப் பெண்ணைப் பார்த்தால் உடனே அழையுங்கள் என்று ரேடியோக்காரர் ஒலிபரப்பில் அறிவித்தார். அடுத்து டிராக்டர் விளம்பரம். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான விளம்பரத்தை நான் கேட்டதில்லை. இன்னும் இரண்டு அழைப்புகள், வேறு வேறு மரங்களைப் பற்றி. சாரின் கால் இல்லாத பெடலை முழுதாக அழுத்தியபடி அப்படியே நின்றது. ஏழுமலை மோட்டாரை நிறுத்தினார்.

"ஒண்ணும் ஆவாது மேடம். நம்ம பாப்பா கெட்டிக்காரி."

பிறகு ஒரு வயதான அம்மாளின் குரல். அந்தப் பெண் இங்கேதான் இருக்கிறாள், ஒரு மணி நேரமாக எல்லோருக்கும் சூப் ஊற்றிக்கொண்டிருக்கிறாள், அவள் போனில் சார்ஜ் இல்லை, இதோ தருகிறேன் என்றது. சோளக்காட்டு ரேடியோவில் முதல்முறையாகத் தமிழ் கேட்டது.

"அம்மா, நான் நல்லா இருக்கேன். நீ அழாத. முதல்ல டிவிய ஆஃப் பண்ணு."

நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது மாடி வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். சார் "மோட்டாரைப் பார்க்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டு, நின்றுபோயிருந்த மோட்டாரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆடிக்கு முன்னால் அவர் வேப்பம்பட்டில் தனி வீடு கட்டிப் போய்விட்டார். அங்கே அசோசியேஷன் கிடையாது. கமிட்டியே இல்லாத குடியரசு. கிளம்பும்போது ஓர் உறையை என் கையில் வைத்தார். அன்றைய காலையின் முழுப் பேச்சும் டைப் அடித்து, நிமிடக் கணக்குப் போட்டு, பதினான்கு பக்கம். ஒன்றும் விடவில்லை. டிராக்டர் விளம்பரம் இருந்தது. 'மோட்டார் நிற்கும் சத்தம்' இருந்தது. 'காவலாளி மூக்கைச் சிந்துகிறார்' என்றுகூட இருந்தது. பெட்டிகளை ஏற்றிய வண்டி ஆவடி ரோட்டில் திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு, கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.

அன்றைய பதிவை அவர் முன்பே என் போனுக்கு அனுப்பியிருந்தார். எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். காவ்யாவின் குரல் மணிபோலத் தெளிவாக இருக்கிறது. அந்தக் குரலுக்கு நேரே, பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அப்படி எழுதாத பெடல் சார், ஒரே ஒரு வார்த்தை அடித்திருந்தார்: இன்ஆடிபிள்.