கண்டுகொள்ளாத ஊர்

ஊரே பற்றி எரிந்துகொண்டிருந்தது. ரொட்டிக்காரியின் கூரையிலும் தீ பிடித்துவிட்டது. அவளோ சிரித்த முகத்துடன், "வாங்க, வாங்க! ரொட்டி சூடா இருக்கு" என்றாள்.

"கடையே வெந்துக்கிட்டிருக்கு, சூடா இல்லாம என்ன செய்யும்?" என்று மேனேஜர் கம்ப்யூட்டர் திரையைத் தட்டினார்.

எதிரே நின்றவர் குனிந்து திரையைப் பார்த்தார். வீடியோ கேம் தயாரிக்கும் அந்த நிறுவனத்தில், கேமுக்குள் இருக்கும் ஊரின் பொம்மை ஜனங்களைப் பேசவும் நடக்கவும் வைப்பது அவர் வேலை. அதனால் அலுவலகத்தில் அவருக்கு ஊர்த்தலைவர் என்று பெயர். பெயர்தான் பெரிசு. சம்பளம் என்னவோ குதிரைக்கு வால் வரைகிற பையனைவிடக் குறைச்சல்.

"சார், நீங்க வயசுல பெரியவர், பொறுமையாச் சொல்றேன்" என்றார் மேனேஜர். "விளையாடுறவங்க காறித் துப்புறாங்க. ராஜாவை வெட்டினாக்கூடப் பக்கத்துல நிக்கிற சிப்பாய் 'இன்னிக்கு நல்ல வெயில்'ங்கறான். மாசக் கடைசிக்குள்ள உங்க ஜனங்களுக்குச் சுரணை வரணும். இல்லைன்னா உங்க பிரிவையே மூடச் சொல்லிட்டாங்க."

தலைவர் தலையைத் தடவிக்கொண்டார். தலை பாதி நரைத்த பிறகு வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

அன்றே உட்கார்ந்து, ஜனங்களுக்குப் பயத்தைக் கொஞ்சம் கூட்டினார். மறுநாள் கேமைச் சோதித்துப் பார்க்கும் பெண் தெருவில் ஒரு கிழவரை லேசாக இடித்தாள். கிழவர் அலறினார். அலறலைக் கேட்டு மீன்காரன் ஓடினான். அவன் ஓடியதைப் பார்த்துக் காவலர்கள் ஓடினார்கள். கடைசியில் ஊர் மொத்தமும் ஆற்றில் குதித்துவிட்டது.

"சார், நான் கத்தி வாங்கணும்" என்றாள் அந்தப் பெண். "கடைக்காரர் மிதக்கறாரு."

சரி, பயம் வேண்டாம் என்று ஞாபகசக்தியைக் கொடுத்தார். அது அதைவிட வினையாகப் போயிற்று. சந்தையில் ஒரு ஆப்பிளைத் திருடிய வீரன், பிறகு பூதத்தைக் கொன்று இளவரசியை மீட்டுக்கொண்டு வந்தான். இளவரசி அவனை ஏற இறங்கப் பார்த்து, "ஆப்பிள் திருடன் நீதானே?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு கேம் நின்றுபோனது.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "நிஜ மனுஷங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு வெளிய போய்ப் பாருங்க சார்! புண்ணியமாப் போகும்!"

தலைவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அங்கேதான் பிடித்தது சனி.

சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் ஆட்கள் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள், ஆகவே சொல்லக்கூடாது. இது அவர் தொழிலில் பாலபாடம். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வேலை ஆட்டம் காண்கிறது என்பதையே சொல்லாதவர், இதையா சொல்லப்போகிறார்?

கேம் விளையாடுகிறவன் என்னென்ன செய்வானோ அதையெல்லாம் செய்வது என்று முடிவுசெய்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. நேரே உள்ளே போனார். ஃப்ரிஜ்ஜைத் திறந்து ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தார். சோபாமேல் ஏறி இரண்டு குதி குதித்தார்.

"யோவ்! யாருய்யா அது?" பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆன எதிர்வீட்டுக்காரர் துண்டோடு ஓடிவந்தார். "அட, நீங்களா? என்ன சார் கூத்து இது?"

கேரட்டும் கையுமாக வெளியே வந்த தலைவருக்கு மனசு நிறைந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட யோவ்! இந்த ஒரு யோவ் போதும், பிரிவைக் காப்பாற்றிவிடலாம்.

சாயங்காலம் மனைவி கேட்டாள்: "என்னங்க, எதிர்வீட்டுல போயி கேரட் எடுத்தீங்களாமே?"

"ஆமா."

"ஏன்?"

"சும்மாதான்."

"உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா? என்கிட்ட சொல்லுங்களேன்."

"ஒண்ணுமில்லைன்னா விடேன்."

அவள் முகம் வெளிறியது. நல்ல வெளிறல், இதையும் ரொட்டிக்காரிக்கு வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கப்போனார். இவரை என்ன சொல்வது!

அதற்கப்புறம் எல்லாமே கெட்டது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் எதிர்வீட்டுக்குள் நுழைந்தார். "வாங்க சார்" என்றார் பேங்க்காரர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "கேரட்டைக் கழுவி மேல்தட்டுல வெச்சிருக்கேன்."

வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் ஏறி நின்றார். மனைவி அவர் பாதத்தை ஒட்டித் தட்டை வைத்து, "ஆறிடப்போகுது, சாப்பிடுங்க" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் சுவரில் முட்டிக்கொண்டே நடந்துபார்த்தார். சக ஊழியர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு காபி எடுக்கப் போனார்கள். "கொஞ்சம் நகருங்க சார்" என்றுகூட ஒருத்தரும் சொல்லவில்லை. லிஃப்டில் வாய்விட்டு அழுதார். உடன் வந்தவர்கள் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பிக்கும்போதுதான் அது சோதனை. இரண்டாவது மாடி தாண்டியபோது நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார்.

அவருக்கு வேலைக் கவலை போய் வேறு கவலை வந்துவிட்டது. இத்தனை வருஷம் இந்த ஜனங்களோடு குப்பை கொட்டியிருக்கிறோம். செத்துவிழுந்தால்கூடத் தாண்டிக்கொண்டு போவார்கள் போலிருக்கிறதே! கட்டினவள்கூடவா? ராத்திரி திரும்பிப் படுத்துக்கொண்டார். கண்ணெல்லாம் எரிந்தது.

மாசக் கடைசியில் மேனேஜரிடம் போய், "பார்த்துட்டேன் சார். நிஜ மனுஷங்களும் இப்படித்தான்" என்றார். "யாருக்கும் யாரைப் பத்தியும் அக்கறை கிடையாது. ஊரே எரிஞ்சாலும் அவ ரொட்டிதான் விப்பா. ஜனங்களைப் பழையபடியே விட்டுடுங்க."

மேனேஜர் எகிறிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தார். ஒருவிதத்தில் ஆசைப்பட்டார் என்றே சொல்லலாம்.

"நீங்க சொன்னாச் சரிதான் சார்" என்றார் மேனேஜர் மெல்ல. "பிரிவை மூடுற பேச்சே இல்லை. நீங்க வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க."

வேலை தப்பியது. துளிக்கூடச் சந்தோஷம் வரவில்லை. இந்த ஆளுக்குக்கூட நம்மேல் கோபம் வரமாட்டேனென்கிறதே என்று முனகிக்கொண்டே கிளம்பினார்.

வீட்டுக்கு வந்தார். பால்கனியில் யாருடனோ தாழ்ந்த குரலில் போன் பேசிக்கொண்டிருந்த மனைவி, அவரைக் கண்டதும் சட்டென்று போனை வைத்துவிட்டாள். தலைவர் பெட்டியை இறக்கி, கைக்குக் கிடைத்த நாலு சட்டையைத் திணித்தார். இது சோதனை இல்லை.

"நான் போறேன்" என்றார்.

அவள் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரிங்க" என்றாள்.

ஒரு வார்த்தை! கல்யாணமாகி இத்தனை காலத்துக்கு ஒரே ஒரு 'சரிங்க'! தலைவர் விடுவிடுவென்று படியிறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் ஒருக்களித்துத் திறந்திருந்தன. ஒருத்தராவது எட்டிப்பார்த்து என்ன ஏது என்று கேட்கவில்லை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

வாசலில் வாட்ச்மேன் எழுந்து, வழக்கம்போல ஒரு சலாம் வைத்து, கேட்டைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான், தலைவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியைத் தொப்பென்று தரையில் போட்டார்.

"ஏம்பா, மழையில பெட்டியும் கையுமாப் போறேன். எங்க போறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குமா தோணலை? நீயும் பொம்மைதானா?"

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். தலைவரின் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"கண்டுக்காம இருந்தாத்தான் உங்களுக்குக் குணமாகும்னு டாக்டர் சொன்னாருன்னு, உங்க வீட்டம்மா வீடு வீடா ஏறி இறங்கி, உங்க ஆபீஸ் வரைக்கும் போயி எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்திருக்காங்க சார், அதோ, செருப்புகூடப் போடாம, சத்தம் வராம வாயைப் பொத்திக்கிட்டு உங்க பின்னாடிதான் நிக்கிறாங்க."