ஃபார்மட் கோவிந்தப்பன்

ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் ஓர் இனம் உண்டு. அதைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். யாருடைய லேப்டாப்பாவது தூங்கிவிட்டு எழ மறுக்கிறதா? அந்த மேஜைப் பக்கம் போய்ச் சும்மா நில்லுங்கள். யாரும் கூப்பிடாமலே அது வந்து சேரும், "கொடு, பாக்கலாம்" என்று கையை நீட்டும். கொடுத்தீர்களோ, தொலைந்தீர்கள்.

இந்த இனத்தின் அசல் மாதிரி, மூக்கண்டப்பள்ளியில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர் கோவிந்தப்பன். அவருக்குச் சம்பளம் கொடுப்பது பிரஸ் மெஷினையும் கம்ப்ரசரையும் பார்த்துக்கொள்ளத்தான். ஆனால் கம்ப்யூட்டர் படித்தவர் பெங்களூர் ஆபீசிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டுமே வருவார் என்பதால், மற்ற நாட்களில் அந்த ராஜ்ஜியம் தன்னுடையதே என்று கோவிந்தப்பன் முடிவு செய்திருந்தார். யார் தடுப்பது? லேப்டாப்பைக் காதருகே வைத்துக் கேட்பார், முகர்ந்து பார்ப்பார், பின்பக்கம் இரண்டு தட்டு தட்டுவார், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் படிக்க மாட்டார். படிப்பது கற்றுக்குட்டிகளின் வேலை. எல்லாம் முடிந்ததும், "ஃபார்மட் அடிச்சிரலாம்" என்பார். அவரிடம் இருந்த மருந்து அது ஒன்றுதான்.

போன வருஷம் டெஸ்பாட்ச் ஜமீர் அகமதுவின் லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று வாங்கிப்போய் அந்த மருந்தைக் கொடுத்தார். தங்கையின் நிக்காஹ் படங்கள் அத்தனையும் போயின. வேகம் வந்ததா இல்லையா என்று ஜமீரையே திருப்பிக் கேட்டார். வந்திருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லாதபோது ஓடுவதற்கு என்ன கஷ்டம்? அன்றிலிருந்து ஜமீர் கேன்டீனில் அவர் உட்காரும் மேஜையில் உட்காருவதில்லை.

ஆயுதபூஜை லீவு முடிந்து ஆலை திறந்த காலை, அவருக்கு அடுத்த நோயாளி கிடைத்தது. குவாலிட்டி பிரிவில் சௌமியா என்றொரு பெண், இரண்டு வருஷமாக டிரெயினி. பதினோரு மணிக்கு ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள். அது நல்லபடியாக முடிந்தால் அவளைப் பெர்மனன்ட் செய்வதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். நான்கு மாத அளவெடுப்பு ரிப்போர்ட் முழுவதும் அந்த லேப்டாப்பில் இருந்தது, அதில் மட்டுமே இருந்தது. நகல் எடுத்து வைக்காதது அவள் தப்புதான். பூஜையன்று அப்டேட் போட்டு, திறந்தபடியே விட்டுவிட்டுப் போயிருந்தாள். இன்று வந்து எந்தக் கீயைத் தட்டினாலும் திரை கறுப்பாகவே கிடந்தது. ஓரத்து விளக்கு மட்டும், தூங்குகிறேன், தொந்தரவு செய்யாதே என்பதுபோல் மினுக்கிக்கொண்டிருந்தது.

கோவிந்தப்பன் வந்தார். காதில் வைத்தார், முகர்ந்தார், தட்டினார். அப்டேட்டுக்கு ஏன் சரியென்று கொடுத்தாய் என்று, கண்ட இடத்தில் போண்டா தின்ற பிள்ளையைக் கேட்பதுபோல் கேட்டார். அப்புறம் பவர் பட்டனை அமுக்கினார். எப்படி அமுக்கினார் என்பதுதான் முக்கியம். பூஜையன்று ஆலையில் உள்ள அத்தனை மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது அவருடைய தனி உரிமை. எந்த மெஷினானாலும் ஸ்டார்ட் பட்டன் மேல்தான் பொட்டு என்பது அவருடைய சாஸ்திரம். சௌமியாவின் லேப்டாப்புக்கும் ஓரத்து வட்டப் பட்டன் மேல் ஒரு கட்டை விரல் சந்தனத்தைத் தாராளமாக அப்பியிருந்தார். அது காய்ந்து காரைபோல இறுகியிருந்தது. இப்போது அந்தப் பொட்டு கலைந்துவிடக் கூடாதே என்று பயபக்தியோடு விரல் நுனியால் தொட்டார். பட்டன் அசையவில்லை.

"பாத்தியாம்மா, பட்டனே உள்ள போவல. அப்டேட்டு பூட்டிருச்சு. ஹார்ட் டிஸ்க்கக் கழட்டி ஃபார்மட் அடிச்சாத்தான் உண்டு."

சௌமியா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அண்ணா, ரிப்போர்ட் உள்ள இருக்குதுங்ண்ணா. வெள்ளிக்கிழம சார் வரட்டும். ஆடிட்டுக்கு நா எப்படியாச்சும் சொல்லிக்கறன்."

"ரிப்போர்ட்டு வேணுமா, லேப்டாப்பு வேணுமா? ஒண்ணு சொல்லு" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் சின்ன ஸ்க்ரூடிரைவர் எடுத்துவர டூல்ரூமுக்கு நடந்தார். மணி பத்தரை. அவள் ஜமீரை நினைத்துக்கொண்டாள், லேப்டாப்பை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் ஆலையைக் கூட்டித் துடைக்கும் முனிலட்சுமி ஈரத் துணியோடு வந்தாள். ஆடிட்காரர்கள் வருமுன் மெஷின்களில் உள்ள பொட்டையெல்லாம் துடைத்துவிடச் சொல்லி மேனேஜர் அனுப்பியிருந்தார். இதையும் காட்டும்மா என்று லேப்டாப்பை மேஜைமேல் வைக்கச் சொல்லி, பாத்திரத்து அடிப்பிடிப்பைத் தேய்க்கும் வேகத்தில் அழுத்தித் தேய்த்தாள். சந்தனம் பெயர்ந்து வந்தது. பட்டன் உள்ளே போய் வெளியே வந்தது. திரை வெளிச்சமாயிற்று. அப்டேட்டுக்குப் பிறகு கீயைத் தட்டினால் அது எழுவதில்லை, பவர் பட்டனை அமுக்கினால்தான் எழும். கோளாறு அவ்வளவுதான். ரிப்போர்ட் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. சௌமியா முதல் வேலையாக அதைப் பென்டிரைவில் நகல் எடுத்தாள்.

கோவிந்தப்பன் ஸ்க்ரூடிரைவரோடு திரும்பி வந்தார். திரையைப் பார்த்தார். துடைத்த பட்டனைப் பார்த்தார். முனிலட்சுமியின் துணியில் இருந்த மஞ்சளையும் பார்த்தார். வெட்கப்பட்டார் என்று நினைக்கிறீர்களா?

"நா தட்டுன தட்டு இப்பத்தான் வேல செஞ்சிருக்குது" என்றார். பிறகு முனிலட்சுமியிடம் திரும்பி, சாமி பொட்டை யாரைக் கேட்டுத் துடைத்தாய் என்று அரைமணி நேரம் திட்டினார். ஆடிட் முடிந்தது, சௌமியாவுக்கு வேலை நிலைத்தது. மெயின்டெனன்ஸ் ரிஜிஸ்டரில், 'லேப்டாப் தூக்கக் கோளாறு, சரி செய்தது கோவிந்தப்பன்' என்று அழகான கையெழுத்தில் இன்றும் இருக்கிறது. அதைப் படித்த மேனேஜர் தன்னுடைய லேப்டாப்பையும் அவரிடம் கொடுத்தனுப்பினார்.

சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் வாசகரே, பட்டன் அசையவில்லை என்று படித்தபோதே, இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியுமே என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? யாரோ ஒருவருடைய லேப்டாப் இப்போது உங்கள் வீட்டு அலமாரியில், பார்த்துத் தருகிறேன் என்று வாங்கி வந்தது, திறந்தபடி கிடக்கிறதா? அப்படியானால் ஸ்க்ரூடிரைவரைத் தேடுமுன் உங்கள் கட்டை விரலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சந்தனம் இன்னும் ஒட்டியிருக்கும்.