கல்விப் பேரவையும் கருவாச்சி என்ற எருமையும்

வரைபடம் வரைகிறவர்கள் சோம்பல்பட்டு விட்டுவிட்ட ஒரு மூலையில் ஏழேரி நாடு இருந்தது. அந்நாட்டில் ஏரிகள் ஏழு, எருமைகள் நாற்பதாயிரம், குதிரை ஒன்றுகூட இல்லை. கடைசிக் குதிரை இறந்து அறுபது வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் நாட்டின் கொடியில் குதிரைதான் பறந்தது. அரசாங்கக் கல்லூரியில் கால்நடை மருத்துவம் என்ற பெயரில் கற்பிக்கப்பட்டதும் குதிரை மருத்துவமே. அந்தக் கடைசிக் குதிரையின் தோலில் வைக்கோல் அடைத்துக் கல்லூரிக் கூடத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். தேர்வு நாளில் மாணவர்கள் ஒவ்வொருவராக அதைத் தொட்டுப் பார்த்து, 'அமைதியாக இருக்கிறது' என்று எழுதித் தேறினார்கள்.

வேண்மாள் அந்தக் கல்லூரியில் பதினோரு வருடமாக ஆசிரியை. போர்க்குதிரைக்கு வரும் மனச்சோர்வு என்ற நான்காம் பாடத்தை அவள் புத்தகத்தைத் திறக்காமலே நடத்துவாள். தான் குதிரையைக் கண்ணால் பார்த்ததில்லை என்பது அவளை உறுத்தவில்லை. அவளுக்குக் கற்பித்தவரும் பார்த்ததில்லை.

ஒரு வருடம் முதல் மழையோடு எருமைகளுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. காலையில் தொண்டை வீங்கும், மறுநாள் மூச்சு நிற்கும். ஒருநாள் கல்லூரி வாசலில் சடையாண்டி என்ற எருமைக்காரர் வேண்மாளைத் தேடி வந்து நின்றார்.

"வாத்தியாரம்மா, உங்க காலேஜுல படிச்ச தம்பியத்தான் கூட்டியாந்தேன். மாட்டைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. லாடம் எங்கன்னு கேட்டுச்சு. எருமைக்கு ஏதும்மா லாடம்? அப்புறம் கொம்பைத் தொட்டுப் பாத்துட்டு, இது எங்க பாடத்துல இல்லையேன்னு அழுதுருச்சு. நானும் அழுதேன். மாடு போயிருச்சு."

அந்த மாணவனுக்கு முதல் வகுப்பு கொடுத்தவள் வேண்மாள்தான். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. கருவாச்சின்னு பேரு. அதையாச்சும் காப்பாத்திக் குடுங்க" என்றார் சடையாண்டி.

வேண்மாள் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு எருமைக்காரர்களோடு அலைந்தாள். வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தொண்டையில் கை வைத்தால் சூடு தெரியும் என்று கண்டுகொண்டாள். அந்த மாட்டை உடனே தனியே பிரித்து அன்றைக்கே மருந்து கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டது. இதைக் கற்பிக்க மூன்று பக்கத்தில் ஒரு பாடத்திட்டம் எழுதினாள். நான்காம் பாடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எருமையை வைப்பது, அவ்வளவுதான்.

ஏழேரி நாட்டில் பாடத்தில் ஒரு கால்புள்ளியை மாற்றுவதானாலும் கல்விப் பேரவை ஒப்புதல் தர வேண்டும். பேரவையின் செயலர் நல்லியக்கன் அந்த மூன்று பக்கங்களைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"இது புதிய பாடமா, திருத்திய பாடமா?"

"இரண்டில் எது விரைவாக முடியும்?"

"புதிய பாடமென்றால், அது இதே கல்லூரியில் ஏற்கெனவே மூன்று ஆண்டுகள் வெற்றிகரமாக நடந்ததற்குச் சான்று வேண்டும்."

"ஏற்கெனவே நடந்தால் அது எப்படிப் புதிய பாடமாகும்?"

"அதனால்தான் இதுவரை எதுவும் ஆனதில்லை" என்றார் நல்லியக்கன். அவர் குரலில் சற்றுப் பெருமிதம் இருந்தது. "திருத்திய பாடமென்றால், மாற்றம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது."

குதிரைக்கும் எருமைக்கும் எவ்வளவு மாற்றம் என்று கணக்கிட ஒரு துணைக்குழு அமைந்தது. அது நான்கு அமர்வுகள் கூடியது. கால் நான்கு, மாற்றமில்லை. காது இரண்டு, மாற்றமில்லை. வாலில் கருத்து வேறுபாடு எழுந்து ஓர் உறுப்பினர் வெளிநடப்புச் செய்தார். இறுதியில் கொம்பு மட்டுமே கூடுதல் என்றும், ஆகவே இது திருத்திய பாடமே என்றும் முடிவாயிற்று. அதற்குள் கீழேரியில் முந்நூறு எருமைகள் செத்திருந்தன.

"இனிப் பயன்பெறுவோர் கருத்து பெறப்பட வேண்டும்" என்றார் நல்லியக்கன்.

"எருமைக்காரர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் வந்து சொல்வார்கள்."

"அவர்கள் உரிமையாளர்கள். மருத்துவத்தால் பயன்பெறுவது எருமை."

அரசாணை வெளியாயிற்று. நாட்டிலுள்ள எருமைகள் அனைத்தும் தலைநகர் மைதானத்துக்கு வந்து கருத்துப் படிவத்தில் குளம்பு பதிக்க வேண்டும். வேண்மாள் நல்லியக்கனின் அறைக்கு ஓடினாள்.

"நோய் கண்ட மாட்டையும் காணாத மாட்டையும் ஒன்றாக நிறுத்தினால் நோய் பரவும். தயவுசெய்து நிறுத்துங்கள்."

"அது எங்கே சொல்லப்பட்டிருக்கிறது?"

"என் பாடத்திட்டத்தில், இரண்டாம் பக்கத்தில்."

"அது இன்னும் ஒப்புதல் பெறவில்லையே, அம்மையீர்."

எருமைகள் வந்தன. மூன்று நாள் வரிசையில் நின்று குளம்பு பதித்தன. கருத்து அமோக ஆதரவு என்று தொகுக்கப்பட்டது. ஊர் திரும்பும் வழியிலேயே ஈராயிரம் எருமைகள் விழுந்தன. பேரவை அவற்றுக்கு இரங்கல் தெரிவித்துவிட்டு, அவற்றின் படிவங்களைச் செல்லாதவை என்று தள்ளிவைத்தது.

வேண்மாளுக்கு அதன்பின் சாப்பாடு இறங்கவில்லை. தான் மூன்று பக்கம் எழுதாமல் இருந்திருந்தால் அந்த ஈராயிரமும் வீட்டுத் தொழுவத்திலேயே நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆவணி மாதம் பேரவை முழுமையாகக் கூடியது. தலைவர் கோட்புலியார் நடுவில் அமர்ந்திருந்தார். பேரவை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர் அவர். உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததும் அவரே என்பதால் தேர்தல் எப்போதும் அமைதியாக நடந்தது. மாணவர் நோயை 'அறிவர்' என்று எழுதுவதா, 'உணர்வர்' என்று எழுதுவதா என்று நண்பகல் வரை விவாதம் நடந்தது. நோயை உணர்ந்தால் மாணவருக்கே நோய் வந்துவிடாதா என்று ஒருவர் கவலைப்பட்டார். ஒட்டக நாட்டிலிருந்து வந்திருந்த வெளிப்புற வல்லுநர், பாடம் நன்று, ஒட்டகம் இல்லாததுதான் குறை என்றார்.

சாப்பாட்டுக்குப் பின் ஒரு மூத்த உறுப்பினர் எழுந்தார். "குதிரைக் கொடி பறக்கும் கல்லூரியில் எருமை என்ற சொல்லை எழுதுவதா? மன்னர் பெருவிழுதியார் என்ன நினைப்பார்?"

வெளியே எருமைக்காரர்கள் கூடி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒப்புதல் கொடுத்தால் மன்னர் கோபிப்பார், மறுத்தால் மக்கள் உள்ளே வருவார்கள். கோட்புலியார் கையை உயர்த்தினார்.

"மக்கள் கேட்பது எருமைக்கு மருத்துவம். நம்மிடம் இருப்பது குதிரைக்கு மருத்துவம். பாடத்தை ஏன் மாற்ற வேண்டும்? எருமையை மாற்றினால் போதாதா?"

அன்று மாலையே முரசு அறைந்தார்கள். இன்று முதல் ஏழேரி நாட்டின் எருமைகள் அனைத்தும் குதிரைகள்.

முதலில் அது நல்லதாகத்தான் தெரிந்தது. இனிக் குதிரை மருத்துவ வகுப்புக்கு எருமையை ஓட்டி வரத் தடையில்லை. வேண்மாள் மாணவர்களைத் தொழுவங்களுக்கு அழைத்துப் போனாள். நூறு தொண்டைகளில் கை வைத்தபின் அவர்களுக்குச் சூடு பிடிபட்டது. கருவாச்சிக்கு நோய் வந்தபோது, முன்பு அழுத அதே மாணவன் ஒரு பகலெல்லாம் பக்கத்தில் இருந்து அதைத் தேற்றினான். ஒரு மாதத்தில் நோய் அடங்கியது. சடையாண்டியின் மனைவி பூவாயி ஒரு செம்பு பால் கொண்டுவந்து வேண்மாளிடம் கொடுத்தாள்.

அப்போதைக்கு அதுதான் அந்நாட்டில் சட்டப்படி கறந்த கடைசிப் பால். குதிரைகளைப் பற்றிய பழைய சட்டங்கள் இப்போது உயிர்பெற்று எழுந்தன. அரசச் சின்னமான குதிரையிடம் பால் கறப்பது குற்றம். அது முழங்காலுக்கு மேல் நீரில் இறங்கக் கூடாது. நாள்தோறும் காலையில் அரை காதம் ஓட வேண்டும். எருமைகள் ஓடவில்லை. அதிகாரிகள் பார்க்க, அவற்றுக்குப் பதிலாக உரிமையாளர்கள் ஓடினார்கள். கஞ்சியில் ஊற்ற மோர் இல்லை. தண்ணீரில் கிடக்க முடியாமல் எருமைகளின் தோல் வெடித்தது. மடி கட்டிக்கொண்டு அவை கத்தும் கத்தல் தலைநகர் வரை கேட்டது. குதிரைகள் கனைக்கின்றன என்று நாளேட்டில் செய்தி வந்தது.

சடையாண்டி மறுபடி கல்லூரி வாசலுக்கு வந்தார். ஓடி ஓடி இளைத்திருந்தார்.

"மாடு பொழைச்சிருச்சு, வாத்தியாரம்மா. நாங்கதான் பொழைக்க முடியல. உங்கள ஒண்ணும் சொல்லல. நல்லதுக்குத்தான் செஞ்சீங்க."

அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நேரே பேரவைக்குப் போனாள்.

"ஆணையைத் திரும்பப் பெறுங்கள். நான் குதிரை மனச்சோர்வையே நடத்திக்கொள்கிறேன்."

"ஒப்புதல் பெற்றதை மூன்று ஆண்டுகளுக்குத் தொடக் கூடாது. தவிர, மன்னருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது" என்றார் நல்லியக்கன்.

பிடித்ததன் விளைவு விரைவில் தெரிந்தது. அறுபது வருடம் கழித்து நாட்டுக்குக் குதிரை திரும்பியதைக் கொண்டாட மன்னர் குதிரை மீதேறி ஊர்வலம் வருவார் என்று அறிவித்தார்கள். நாட்டிலேயே கொழுத்ததும் சாதுவானதும் கருவாச்சி. அதைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேணம் பூட்டி, கொம்புகளுக்குப் பட்டு உறை மாட்டினார்கள். அரசக் குதிரை மருத்துவராக்கப்பட்டிருந்த வேண்மாள் பக்கத்திலேயே நடந்தாள்; மாட்டை விட்டுப் பிரிய மனமில்லாமல் சடையாண்டி பின்னால் வந்தார்.

புரட்டாசிக் கடைசி, பொன்னுருகும் வெயில். ஊர்வலம் பேரேரிக் கரையை அடைந்தபோது கருவாச்சி நின்றது. மூக்கை உயர்த்தி நீரை முகர்ந்தது. பிறகு, யாரையும் அவமதிக்கும் எண்ணம் சிறிதுமின்றி, மெதுவாகக் கரையிறங்கி நீருக்குள் நடந்து, நடு ஏரிக்குக் கொஞ்சம் முன்னால் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. மன்னர் பெருவிழுதியார் மார்பளவு நீரில் அமர்ந்திருந்தார். கிரீடத்தில் பாசி ஒட்டியிருந்தது.

"யாராவது வாருங்கள்" என்றார் மன்னர்.

ஒரு வீரன் வேட்டியை மடித்துக் கட்டினான். நல்லியக்கன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எதற்காக இறங்குகிறாய்? குதிரை நீரில் இறங்காது. சட்டம் இருக்கிறது."

"இறங்கியிருக்குதுங்களே ஐயா."

"அப்படியானால் அது குதிரையல்ல."

பேரவை உறுப்பினர்கள் எல்லோரும் ஊர்வலத்தில் இருந்ததால் கரையிலேயே கூட்டம் தொடங்கியது. நீருக்குள் படுத்திருப்பது எருமை என்று ஒருமனதாக ஏற்றார்கள். அதை மட்டும் விதிவிலக்காக எருமை என்றே பதிவு செய்தார்கள். அத்தோடு முடிந்திருக்கலாம். கோட்புலியார்தான் தொண்டையைச் செருமினார்.

"ஏழேரி நாட்டு மன்னர் எருமை மீது அமர மாட்டார். இது நம் கொடியின் மானம். அங்கே அமர்ந்திருப்பது எருமை மீது. எனவே அமர்ந்திருப்பவர்..." அவர் முடிக்கவில்லை.

"நான் இங்கேதான் இருக்கிறேன்" என்றார் மன்னர்.

"யாரோ குரல் கொடுக்கிறார்கள்" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார் நல்லியக்கன்.

வேண்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "தலைவர் அவர்களே, அவர் முகத்தைப் பாருங்கள். இருபது வருடமாக நீங்கள் வணங்கிய முகம்" என்றாள்.

"முகத்தைக் கொண்டு முடிவெடுக்க விதியில் இடமில்லை, அம்மையீர். அரியணை ஒரு பொழுதும் காலியாக இருக்கக் கூடாது என்பதற்கு இடமிருக்கிறது." கோட்புலியார் கண்களைத் துடைத்துக்கொண்டார். மிகுந்த துயரத்தோடு பல்லக்கில் ஏறி அரண்மனைக்குப் போனார். பேரவை அவர் பின்னால் போனது. படை சற்று யோசித்துவிட்டு, கூட்டம் போகும் பக்கம் போனது.

கரையில் வேண்மாளும் சடையாண்டியும் மிஞ்சினார்கள்.

"உங்க மாடுதானே. கூப்பிட்டால் வருமா?" என்று கேட்டாள்.

சடையாண்டி வாயருகே கை குவித்து ஓர் ஓசை எழுப்பினார். கருவாச்சி எழுந்தது. சேற்று நீர் வழிய, முதுகில் இருந்தவரையும் சுமந்துகொண்டு கரையேறி, பழக்கப்பட்ட வழியில் நடந்தது. வேண்மாள் கொம்பின் பட்டு உறைகளைக் கழற்றி ஏரியில் எறிந்தாள்.

பூவாயி கட்டுத்தறியில் செம்போடு காத்திருந்தாள். செய்தி அவளை முன்பே எட்டியிருந்தது. அவளுக்கு வேண்டிய பகுதியை மட்டும் அதில் எடுத்துக்கொண்டிருந்தாள்: கருவாச்சி எருமை என்று பதிவாகிவிட்டது, கறக்கலாம்.

"நான் இந்நாட்டின் மன்னன்" என்றார் சொட்டச் சொட்ட நின்றவர்.

"இருக்கட்டும் சாமி. அந்தப் பக்கமாக் கொஞ்சம் தள்ளி உக்காருங்க. புது ஆளு நின்னா மாடு பால் இறக்காது."

அவர் தள்ளி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் ஒரு டம்ளர் வந்தது. இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

மறுநாள் காலை வீதியில் முரசு அறைந்தார்கள். அந்தச் சமயம் வேண்மாள் மாணவர்களோடு ஒரு தொழுவத்தில் இருந்தாள். எருமைகளுக்குப் பதிலாக ஓடுவதற்காகத் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர் முரசுக்காரனைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, ராசா மாறிட்டாராமே. நாங்க இனி ஓட வேணாம்ல?"

முரசுக்காரன் கையிலிருந்த ஓலையை மேலும் கீழும் பார்த்தான். பிறகு வாய்விட்டு வாசித்தான்.

"பெயர் மட்டும் திருத்தப்பட்டது. உள்ளடக்கத்தில் மாற்றமில்லை."