குடைக்காரியின் ஏழாவது டிவிடி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவி. மகள். மகள் வயிற்றுப் பேத்தி, வயது பதினைந்து. எதிர்வீட்டுப் பல் டாக்டர். இவர்களைத் தவிர ஒரு பழைய டிவி, அதன் அடியில் ஒரு டிவிடி பிளேயர். வழக்கே அந்தப் பிளேயரைப் பற்றியது என்பதால் அதையும் கணக்கில் சேர்க்கிறேன்.

மகள் சுவரில் மாட்டுகிற புது டிவி வாங்கிவிட்டாள். பேத்தி பார்க்கும் அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் எல்லாம் அதில் பட்டனைத் தொட்டால் வருமாம். பழைய டிவியையும் பிளேயரையும் எடுத்துப்போக மறுநாள் ஆள் வருவதாக ஏற்பாடு. டிவி போகட்டும். பிளேயர் போகக்கூடாது. அது போனால் குடைக்காரியும் போய்விடுவாள்.

குடைக்காரி யார் என்று சொல்லிவிடுகிறேன். மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கி வந்த அனிமே அது. தமிழில் குரல் கொடுத்தது. ஒரு பள்ளிக்கூடப் பெண் மழைக்கு ஒதுங்க டெலிபோன் கூண்டுக்குள் நுழைகிறாள். வெளியே வந்தால் வேறு உலகம். கையில் ஒரு குடை, பாதி தின்ற பன், வீட்டுக்கு ஒரே ஒரு தடவை பேச ஒரு நாணயம். அவ்வளவுதான். மொத்தம் இருபத்தாறு எபிசோடு, ஏழு டிவிடி. ஆறில் நான்கு நான்காக இருபத்துநான்கு. ஏழாவதில் கடைசி இரண்டு.

ஏழாவது டிவிடி பத்தொன்பது வருஷமாகக் காணவில்லை. பேத்தி இணையத்தில் தேடினாள். மூன்று படங்களும் ஒரு பாட்டும் கிடைத்தன. குடைக்காரி திரும்பிப் போகும் கூண்டின் வாசலில் நாணயத்தோடு நிற்கிறாள். பத்தொன்பது வருஷமாக நிற்கிறாள்.

நான் முப்பத்துநான்கு வருஷம் பஸ் உதிரிபாகக் கிடங்கில் இருப்பு எழுதியவன். ஒரு வாஷர் குறைந்ததில்லை. சொந்தக் கூடத்தில் ஒன்று குறைகிறது என்றால் வெளியே சொல்ல முடியுமா? சந்தேகப்பட்டதோடு சரி. அந்த டிவிடிப் பெட்டியை இரவல் வாங்கிப்போனவர் ஒரே ஒருவர், பல் டாக்டர். கேட்கக் கூச்சம். ஆகவே அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அன்று அவரை அழைத்தது என் மனைவி. நானல்ல.

வழக்குக்கு இரண்டு வாரம் தயார் செய்தேன். பழையதில் இருபத்துநான்கு எபிசோடு, பேத்தியின் போனில் அவளுடைய புது அனிமேயில் இருபத்துநான்கு எபிசோடு, இரண்டையும் பார்த்து நோட்டில் எழுதினேன். பழைய வேற்றுலகக் கதையில்தான் சாகசம் இருக்கிறது, ஆகவே பிளேயர் இங்கேயே இருக்கவேண்டும் என்பது என் கட்சி. எழுந்து நின்று வாசித்தேன்.

"வழி தவறியது. குடைக்காரி, பதினேழு தடவை. புது அனிமேயில வர்ற பையன், ஒரு தடவையும் இல்லை. வானத்திலேயே வரைபடம் தொங்குது."

"வழி தவறுறதுதான் சாகசமா?" என்றாள் மனைவி. "அப்ப கல்யாணமான புதுசுல எங்க அக்கா வீட்டுக்கு உங்களோட போனேனே, அதையும் எழுதிக்குங்க."

"குறுக்கே பேசாதே. பசி. குடைக்காரி, முப்பத்தொரு தடவை. பையன், ரெண்டு. அதுவும் ருசி பார்க்க. அடுத்தது பலம். குடைக்காரிக்குக் கடைசி வரைக்கும் குடைதான். பையன் குளியலறையில வழுக்கி விழுந்து வேறு உலகத்துக்குப் போறான். நாலாவது நிமிஷம் ஒரு அசரீரி வந்து, உன் பலம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பதுன்னு சொல்லுது."

"நல்லதுதானே சார்?" என்றார் டாக்டர். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"கடைசி. 'வீட்டுக்குப் போகணும்.' குடைக்காரி சொன்னது நாற்பத்தாறு தடவை. பையன், பூஜ்யம். அவளுக்குத் திரும்பறதுக்கு ஒரு இடம் இருக்கு. அதனால ஒவ்வொரு அடிக்கும் நமக்கு நெஞ்சு அடிச்சுக்குது. இவன் போனது பயணமே இல்லை. குடிபோயிருக்கான்."

எனக்கே நன்றாகப் பேசியதாகப்பட்டது. உட்கார்ந்தேன்.

பேத்தி கேட்டாள். "தாத்தா, அவனுக்கு ஆபீஸ், ரூம், ஆபீஸ். போனா ஏன் வரலைன்னு கேக்க ஒரு ஆள் கிடையாது. அவன் எதுக்குத் திரும்பணும்?"

இதை நான் எண்ணவில்லை. நோட்டைப் புரட்டினேன். அதற்குக் கட்டம் போடவே இல்லை.

"அப்புறம், வாசிக்கறதுக்கு முன்னாடி மாதிரிக்குன்னு எங்களுக்கு ஏன் புதுசுல பதினோராவது எபிசோடைப் போட்டுக் காட்டினீங்க? அதுல முழுக்க அவன் தரைக்கு ஓடு பதிக்கிறான். இருக்கறதுலேயே மட்டமானது அதுதான்."

தலையைக் குனிந்துகொண்டேன். ஓடுகள் இருநூற்றுநாற்பது. எண்ணித்தான் தேர்ந்தெடுத்தேன்.

"சரி தாத்தா, குடைக்காரி கடைசியில வீட்டுக்குப் போயிட்டாளா?"

"தெரியாது."

"அப்ப பழசுங்கறதால இல்ல. முடிவு தெரியாததாலதான் உங்களுக்கு அது சாகசம். ஏழாவது டிவிடியைப் பார்த்தா அதுவும் சப்புன்னு ஆயிடும்."

என் கண் தானாகப் பல் டாக்டர் மேல் போனது.

"என்ன சார், என்னை ஏன் முறைக்கறீங்க?"

பத்தொன்பது வருஷக் கூச்சம் உடைந்தது. "இரவல் வாங்கிட்டுப் போனது நீங்கதானே?"

"நான் வாங்கறப்பவே ஆறுதான் இருந்துது! இதுக்காகவா பேசலை? உங்க கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேனே, அந்தக் கோபம்னு நெனச்சேன். நல்ல பல்லைப் பிடுங்கிட்டேனோன்னு பத்தொம்பது வருஷமா மனசு கேக்கலை சார்."

என் மனைவி எழுந்தாள். டிவிக்கு மேலே, என் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் போட்டோவைக் கழற்றினாள். பின்பக்கம் ஓர் உறை ஒட்டியிருந்தது. மேலே ஏழு என்று போட்டிருந்தது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் நான்தான்.

"இங்கேயா?"

"இதைத் துடைக்கிறது நான்தானே? நீங்க எங்க கழற்றப்போறீங்க?"

"ஏன் ஒளிச்சே?"

அவள் போட்டோவைத் துடைத்தபடி சொன்னாள். "அப்ப நமக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். கிடங்கிலேருந்து வருவீங்க. தண்ணி. சாப்பாடு. லைட்டை அணை. எண்ணத் தெரிஞ்சது உங்களுக்கு மட்டுமில்லை. ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தை. அந்தப் பொண்ணு கூண்டு வாசல்ல நின்ன அன்னைக்குத்தான் என்கிட்ட ஒரு மணி நேரம் பேசினீங்க. போவாளா, மாட்டாளான்னு. கதை முடிஞ்சுட்டா மறுபடியும் ஒன்பது வார்த்தைதானே?"

அவள் சொன்னது சரி. குடைக்காரிக்கு என்ன ஆகியிருக்கும் என்று நான் அவளிடம் இதுவரை அறுபத்துமூன்று முடிவுகள் சொல்லியிருக்கிறேன். நோட்டில் தேதியோடு இருக்கின்றன.

"நீ பார்த்துட்டியா?"

"அன்னைக்கே."

"என் அறுபத்துமூணுல ஏதாவது சரியா?"

"கிட்டக்கூட வரலை."

மகள் கைகளைத் தட்டினாள். "அப்பாடா, கிடைச்சுடுச்சு. இப்பவே போட்டுப் பார்த்துடுங்கப்பா. அப்புறம் பிளேயருக்கு வேலையில்லை. நாளைக்கு ஆள் வந்து தூக்கிட்டுப் போகட்டும்."

மறுபடி எழுந்து நின்றேன்.

"நான் பார்க்கப்போறதில்லை. அவ அங்கேயே நிக்கட்டும். பார்க்காத டிவிடி இருக்கிற வீட்டுல பிளேயர் இருந்தாகணும்."

பேத்தி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். டாக்டர் என் முதுகில் தட்டினார். மகள், "என்னமோ பண்ணுங்க," என்று ஆளுக்குப் போன் செய்து பிளேயரை விட்டுவிடச் சொன்னாள். மனைவி உறையைப் பழையபடி ஒட்டி, போட்டோவை மாட்டி, கோணல் இல்லாமல் சரிசெய்தாள். நானே பார்த்தேன்.

மறுநாள் காலை பதினொன்று பத்து. மகளும் பேத்தியும் கிளம்பிப் போயிருந்தார்கள். பழைய டிவியை எடுக்க ஆள் இன்னும் வரவில்லை. மனைவி துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனாள். உலர்த்தவேண்டியது பதினாறு உருப்படி. ஓர் உருப்படிக்கு அரை நிமிஷம். எட்டு நிமிஷம் எனக்குப் போதும். குடைக்காரி போவாளா, மாட்டாளா என்று மட்டும் பார்த்துவிட்டு எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஸ்டூலில் ஏறினேன். போட்டோவைத் திருப்பினேன். உறையைப் பிரித்தேன்.

உள்ளே டிவிடி அளவுக்கு வட்டமாக வெட்டிய அட்டை. நடுவில் ஓட்டைகூடக் கச்சிதமாகப் போட்டிருந்தாள்.

"ஸ்டூல் ஆடும், பார்த்து இறங்குங்க," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. கையில் காலி வாளி. "அறுபத்துநாலாவது என்னன்னு யோசிச்சீங்களா?"

இறங்கினேன். நோட்டை எடுத்து இருப்பு எழுதினேன். உறை ஏழு. டிவிடி ஆறு. மீதி, அட்டை ஒன்று.