பின்பாரம்

உலகத்தில் நடக்கிற கெடுதல் அத்தனைக்கும் ஒரே காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் சிம்மக்கல்லில் ஜட்கா ஓட்டினார். ஆட்கள் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அந்தக் காரணம்.

ஜட்காவுக்கு இரண்டே சக்கரம். ஏறுகிறவர்கள் பின்பக்கமாக ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டால் குதிரையைப் பூட்டியிருக்கும் ஏர்க்கால் மேலே தூக்கும். குதிரைக்குக் கால் பாவாது. அதனால் எல்லா வண்டிக்காரரும் “முன்னால வாங்க” என்று ஒரு தடவை சொல்வார்கள். இவர் போய்ச் சேரும்வரை சொல்வார். “பின்பாரம் சாஸ்தி, பின்பாரம் சாஸ்தி” என்று அவர் போட்ட கூச்சலில் அவருடைய சொந்தப் பெயர் எங்கேயோ விழுந்துவிட்டது. பின்பாரம் என்றால்தான் ஊருக்குத் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, “அந்தப் பெரிய உடம்புக்காரரு நடுவுல உக்காரட்டும், இலை ஒருபக்கமாச் சாயுது பாருங்க” என்றாராம். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அப்போது நான் தல்லாகுளத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. என்னைப் போல் மூன்று பேரோடு தினமும் அவர் வண்டியில் வைகைப் பாலத்தைத் தாண்டிப் போவேன். ஒருநாள் மற்ற மூவரும் வரவில்லை. நான் மட்டும் பின்னால், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேப்பர் படித்தேன். ஜட்காவில் வெளிச்சம் இருப்பது அங்கேதான்.

“குமாஸ்தய்யா, கொஞ்சம் முன்னால வாங்க.”

“இந்தா வாரேன்.”

“ராசாத்திக்கு வயித்தைப் பிடிக்குதுய்யா. வாங்க.” ராசாத்தி என்பது குதிரை; ஏர்க்கால் தூக்கினால் அதன் வயிற்றுப் பட்டை இறுக்கும்.

“இந்தப் பத்தியை முடிச்சிட்டு வாரேண்ணே.”

மூன்றாம் தடவையும் சொன்னார். ஐரோப்பாவில் யுத்தம் வருமா வராதா என்பதை நான் அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டியிருந்தது. பாலத்துத் திருப்பத்தில் ஒரு மோட்டார் கார் திடீரென்று வந்தது. அவர் லகானை இழுத்தார். ராசாத்தி விலகப் பார்த்தது; கால் பாவவில்லை. அடுத்த நிமிஷம் கார் இடித்துச் சக்கரம் ஒன்று சிம்மக்கல் பக்கமாக உருண்டு போயிற்று. குதிரை முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டது. நான் பேப்பரோடு புழுதியில் கிடந்தேன். பத்தி முடியவில்லை.

காருக்குச் சொந்தக்காரர், ஒரு மில்லுக்குப் பஞ்சு வாங்கிக் கொடுக்கும் ஏஜெண்டு. தானே ஓட்டிவந்தார். நஷ்டஈடு என்றதும் சிரித்தார்.

“காரை இன்ஷூர் பண்ணியிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“எதுக்குய்யா? என் கை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு.”

அப்போது அது கட்டாயமில்லை. நம்பிக்கை போதும்.

பின்பாரம் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. “சக்கரம் ஒண்ணு. ராசாத்தி எந்திரிக்கிற வரைக்கும் கொள்ளும் புல்லும். அம்புட்டுத்தான்.” அந்த வண்டி ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். நான் போய் ஏஜெண்டைப் பார்த்தேன். குளிக்கிறார் என்றார்கள். மறுநாளும் குளித்தார். அவ்வளவு சுத்தமான மனிதரை மதுரையில் நான் பார்த்ததில்லை. வேறு வழியில்லாமல் முன்சீப் கோர்ட்டில் பிராது போட்டோம்.

அப்புறம் நடந்தோம். வண்டிதான் இல்லையே! வாய்தாவுக்கு வாய்தா, வெயிலில் பாலத்தைத் தாண்டி நடை. ஏஜெண்டின் வக்கீலுக்கு ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் மைத்துனிக்குக் கல்யாணம். ஒருநாள் எல்லாரும் வந்திருந்தார்கள், முன்சீப் வரவில்லை. கோர்ட்டுத் தாழ்வார பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்த நேரத்தில் ஒரு மனிதன் சமஸ்கிருதம் படித்து முடித்திருக்கலாம். பின்பாரம் அந்த பெஞ்சையும் விடவில்லை. “அண்ணே, நீங்க அந்தக் கடைசிக்குப் போங்க. மாப்ள, நீ இப்பிடி நகரு. ஆங், இப்ப சமம்.” எதிரும் புதிருமாகச் சண்டை போட்டு வந்த இரண்டு கட்சிக்காரர்களை நெருக்கி உட்கார வைத்து, அவர்கள் வழக்கையே ஏறக்குறைய ராஜியாக்கிவிட்டார். எங்கள் வழக்கு மட்டும் நகரவில்லை.

கடைசியில் விசாரணை வந்தது. ஒரே சாட்சி நான். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார்.

“சம்பவத்தின்போது நீர் வண்டியில் எங்கே உட்கார்ந்திருந்தீர்?”

“சுமார் நடுவில்” என்றேன்.

சர்க்கார் குமாஸ்தாவுக்கு அந்த ‘சுமார்’ ஒரு குடை மாதிரி. எந்த மழைக்கும் பிடிக்கலாம். சத்தியம் செய்த வாய் உலர்வதற்குள் பிடித்துவிட்டேன்.

அடுத்துப் பின்பாரம் கூண்டில் ஏறினார். ஏறியதும் அதை ஆட்டிப் பார்த்து, “இது ஒருபக்கமாச் சாயுதுங்களே” என்றார். முன்சீப் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். வக்கீல் பாடுபடவில்லை.

“ஊருக்கே பாரம் பார்க்கிறவராமே நீர்! அன்றைக்கு உமது வண்டியில் பாரம் எப்படி?”

‘சமம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கள் வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினார். பின்பாரம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“பின்பாரந்தாங்க” என்றார்.

“பாரம் சரியாக இருந்தால் குதிரை விலகியிருக்குமா?”

“விலகியிருக்குங்க.”

“உமது சாட்சி நடுவில் உட்கார்ந்திருந்ததாகச் சொல்கிறாரே?”

“அய்யா பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாக. எங்க இருக்கோம்னு அவுகளுக்கே தெரிஞ்சிருக்காதுங்க. ஏறுற ஆளுக்கு என்ன தெரியும்? பாரம் சரியில்லாம வண்டிய நகத்துனவன் நான்ல?”

மூன்று தடவை கூப்பிட்டேன், வரவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. பிராது தள்ளுபடியாயிற்று. ஏஜெண்டு காரில் ஏறிப் போனார். நாங்கள் நடந்தோம்.

பாலத்தின் பாதியில், “அண்ணே, ஏன் அப்படிச் சொன்னீங்க? சமம்னு சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்போமே” என்று முனகினேன்.

“பாரத்துல பொய் சொல்லலாமாய்யா?” என்றார். கோபமே இல்லை. கொஞ்ச தூரம் போனதும், “நீங்க இந்தப் பக்கமா வாங்க, வெயில் அடிக்குது” என்றார்.

மழைக்காலம் கழிந்து ராசாத்தி எழுந்தது. லேசாக நொண்டும். உடைந்துபோன ஏதோ வண்டியிலிருந்து ஒரு சக்கரம் வாங்கி மாட்டியிருந்தார். மற்றதைவிட அது ஒரு விரற்கடை பெரிது. வண்டி என்றென்றைக்குமாக இடதுபக்கம் சாய்ந்துவிட்டது. பாரத்துக்கென்றே பிறந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கோர்ட்டும் விதித்திருக்க முடியாது.

முதல் நாள் நான்தான் ஏறினேன். அவர் வாயைத் திறப்பதற்குள், வண்டிக்குள் இருட்டில் தவழ்ந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டேன். பேப்பரை மடித்து அடியில் போட்டுக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தல்லாகுளம் வரை ஓட்டினார்.

இப்போது அவரும் இல்லை, ராசாத்தியும் இல்லை. நான் டவுன் பஸ்ஸில் போகிறேன். பின்னால் காற்றும் வெளிச்சமும் தாராளமாக இருக்கிறது. இடமும் காலியாகத்தான் இருக்கிறது. நான் முன்னால் போய்த்தான் உட்காருகிறேன்.